குட்டியின் தட்டிலிருந்து எடுக்காதீர்கள், தட்டில் போடுங்கள்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குட்டியிடமிருந்து தட்டை இழுத்துப் பார்ப்பது, வாயில் இருக்கும் எலும்பைப் பிடுங்குவது, உறுமினால் மூக்கில் ஓர் அடி வைப்பது. நாய் வளர்க்கும் வீடுகள் பலவற்றில் இதைப் பயிற்சி என்றே நினைக்கிறார்கள். “யாரு எஜமான்னு சின்னதுலேயே தெரிஞ்சிரணும் சார்” என்று என்னிடம் விளக்கமும் சொல்வார்கள். விருதுநகர் மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக இருக்கும் நான் உறுதியாகச் சொல்கிறேன்: காவலுக்கு வாங்கிய நாய் வீட்டுப் பிள்ளையையே கடிக்கும் நிலைமைக்கு இந்தப் பழக்கம்தான் வழி போட்டுக் கொடுக்கிறது. இதை விட்டொழிக்க வேண்டும்.

சாப்பாட்டைக் காத்துக்கொள்வது நாயின் இயல்பு. தாய்ப்பால் குறையும் 3, 4 வார வயதில் குட்டிகள் சோற்றுக்கு மாறுகின்றன. ஓர் ஈற்றின் குட்டிகள் அத்தனைக்கும் ஒரே அகலத் தட்டில் பால்சோறு வைப்பதுதான் இங்கே வழக்கம். முட்டி மோதுகிற குட்டிக்கு வயிறு நிறைகிறது, ஒதுங்குகிற குட்டி பட்டினி கிடக்கிறது. குடற்புழுவும் சேர்ந்துகொண்டால் எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. ஆக, பக்கத்தில் வருகிறவர் பிடுங்கத்தான் வருகிறார் என்ற பாடத்தோடுதான் பல குட்டிகள் நம் வீட்டுக்கு வருகின்றன. வந்த இடத்தில் நாமும் தட்டை இழுத்தால் அந்தப் பாடம் உறுதியாகிவிடுகிறது.

எங்கள் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்குப் பேர்போன மண் இது. 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நாட்டு நாய்களில் ராஜபாளையமும் ஒன்று. அந்தப் பெருமையில், குட்டி உறுமினால் வீரம் என்று கொண்டாடுகிறார்கள். ஒருவர் இரண்டு மாத ராஜபாளையம் குட்டியைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தார். “தட்டுக்கிட்ட யாரையும் அண்ட விட மாட்டான் சார், ரோஷக்காரன்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளுக்கு ஐந்தாறு வயது இருக்கும். வாசலைக் காப்பதும் தட்டைக் காப்பதும் வேறு வேறு என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். திருடன் நாயின் தட்டருகே வரப்போவதில்லை. உருண்டு போன பந்தை எடுக்க அங்கே குனியப்போவது அந்தச் சிறுமி. குனியும்போது அவள் முகம் நாயின் வாய்க்கு நேரே இருக்கும்.

அந்தக் குட்டிக்கு மருந்தகத் திண்ணையிலேயே சோறு வைத்துப் பார்த்தோம். அப்பா நெருங்கியதும் வாலாட்டம் நின்றது. தோள்பட்டை இறுகியது. தலையைத் தட்டுக்குள் இன்னும் தாழ்த்தி அவக் அவக்கென்று விழுங்கியது. ஓரக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. உறுமலுக்கு முந்திய எச்சரிக்கைகள் இவை. அவரை நான்கடி பின்னால் நிறுத்தி, வேகவைத்த கோழி ஈரலைச் சிறு துண்டாக்கித் தட்டில் விழும்படி போட்டுவிட்டு விலகச் சொன்னேன். மறுபடி அதேபோல. சில தடவை ஆனதும் அவர் அடியெடுத்து வைத்தபோது குட்டி தட்டைவிட்டுத் தலையைத் தூக்கி அவர் கையைப் பார்த்தது. உடம்பு தளர்ந்து, வாலும் ஆடத் தொடங்கியது.

வீட்டிலும் இதைத்தான் செய்ய வேண்டும். தட்டில் வெறும் சோறு இருக்கும்போது அதைவிட ருசியான ஒன்றோடு போங்கள்: அவித்த முட்டை, ஈரல், கறித்துண்டு. போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். குட்டியின் உடம்பு இறுகினால் நெருங்காதீர்கள், அடுத்த வேளை இன்னும் தள்ளி நின்று தொடங்குங்கள். முதல் வாரங்களில் ஒரு பகுதி உணவைக் கையாலேயே ஊட்டுங்கள். செருப்பையோ எலும்பையோ கவ்விக்கொண்டால் துரத்த வேண்டாம். கறித்துண்டைக் காட்டி “விடு” என்று சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும். குழந்தைகளுக்கு ஒரே விதிதான்: நாய் சாப்பிடும்போது பக்கத்தில் போகக் கூடாது. இரண்டு நாய் இருந்தால் தனித்தனி இடத்தில் தட்டு வையுங்கள். வெள்ளை ராஜபாளையங்களில் காது கேளாமை அறியப்பட்ட குறை என்பதால், அவற்றின் பின்னாலிருந்து போய்த் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் வாருங்கள்.

உறுமினால் அடிக்கக் கூடாது என்று நான் சொல்வது பலருக்குப் பிடிப்பதில்லை, செல்லம் கொடுத்துக் கெடுப்பதாக நினைக்கிறார்கள். உறுமல் என்பது, “எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ” என்று நாய் தரும் எச்சரிக்கை. அடி வாங்கிய நாய் உறுமுவதைத்தான் நிறுத்துகிறது. பயம் உள்ளேயே இருக்கிறது. பிறகு ஒரு நாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கடிக்கிறது. “சத்தமே போடலை சார், திடீர்னு கடிச்சிருச்சு” என்று வருகிறவர்களிடம் விசாரித்தால், குட்டியாக இருந்தபோது உறுமலுக்கு அடி விழுந்த கதை பல சமயம் வெளியே வரும். கடித்த நாயை ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. தெருநாய்கள் பெருகிவிட்டன என்று பேசும்போது, வீட்டிலிருந்து இப்படித் தெருவுக்குப் போகும் நாய்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வளர்ந்த நாய் ஏற்கெனவே சீறுகிறது, பல் படுகிறது என்றால் நீங்களாகச் சோதித்துப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் கொண்டுவாருங்கள், உடம்பில் வலி இருந்தாலும் நாய் இப்படி நடந்துகொள்ளும். வீட்டு நாய்தானே என்று கடியை அலட்சியப்படுத்தவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குட்டியின் மனம் உலகத்தோடு பழகிப் படியும் பருவம் ஏறத்தாழ 3-வது வாரம் முதல் 14-வது வாரம் வரை. முதல் தடுப்பூசியும், மூன்று மாதத்தில் போடும் வெறிநோய்த் தடுப்பூசியும் இந்தக் காலத்துக்குள்ளேயே வருகின்றன. என் சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊசி போட்டு அட்டையில் தேதி எழுதும்போது தட்டைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். குட்டி விற்பவர்கள் ஈன்ற இடத்திலேயே தனித்தனிக் கிண்ணத்தில் சோறு வைக்கட்டும், 8 வாரம் ஆகாமல் குட்டியைக் கொடுக்காதிருக்கட்டும். வாங்கப் போகிறவர்கள் காதையும் காலையும் பார்ப்பதோடு நிற்காமல், குட்டி சாப்பிடுவதையும் ஒரு வேளை நின்று பார்த்து, தனிக் கிண்ணத்தில் சாப்பிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். வாங்குகிறவர் கேட்கத் தொடங்கினால் விற்கிறவர் மாறித்தான் ஆக வேண்டும்.