நன்றி: இணையம்

நம்மவர்களின் கவிதைத் தொகுதிகள் இப்போது நிறையவே வருகின்றன. மகிழ்ச்சி. ஒன்றைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது பதிப்பு விபரப் பக்கத்தை. ஆசிரியர், உரிமை, பக்கங்கள், விலை, அச்சகம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அட்டை ஓவியம் என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. கொஞ்சம் கூச்சமுள்ளவர்கள் 'நன்றி: இணையம்' என்று போடுவார்கள். அந்தப் பெயரில் ஓர் ஓவியரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

இதைக் களவு என்றால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. தமது கவிதையின் இரண்டு வரியை வேறொருவர் பெயரில் கண்டுவிட்டால் ஊரைக் கூட்டுகிறவர்களும் இவர்கள்தாம். சொல்லால் செய்தது படைப்பு, கோட்டாலும் நிறத்தாலும் செய்தது பொதுச் சொத்து என்ற கணக்கை எங்கே படித்தார்கள்? பிறர் ஆக்கத்தை எடுத்தாண்டால் அவர் பெயரைச் சொல் என்றுதான் ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தரம் 6 பிள்ளைகளுக்கு நானும் அதையே சொல்லிக் கொடுக்கிறேன்.

என்னிடம் படித்த பிள்ளையொருத்தி கைத்தொலைபேசியில் விரலால் வரையத் தொடங்கியவள். தையல் கூலியைச் சேர்த்துப் பிறகு ஒரு டெப் வாங்கினாள். பல இரவுகள் விழித்து வரைந்து முகநூலில் அவள் இட்ட படமொன்று ஒரு தொகுதியின் அட்டையாகிவிட்டது. மூலையிலிருந்த அவளது கையெழுத்து வெட்டப்பட்டிருந்தது. கேட்டபோது, "பெரிய ஆளுடைய புத்தகத்தில வந்திருக்கு, பெருமைதானே புள்ள" என்றார்களாம். கையெழுத்தை வெட்டத் தெரிந்தவருக்கு, அது இன்னொருவரின் ஹக் என்பதும் தெரிந்தே இருந்திருக்கிறது.

"நெட்டில் சும்மா கிடந்தது" என்பது முதலாவது சமாதானம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஆக்கம் உருவான கணத்திலேயே அதற்குப் பாதுகாப்பு உண்டு. எங்கும் பதிவுசெய்யத் தேவையில்லை. படைப்பாளி வாழும் காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். தன் பெயர் குறிக்கப்படவும், படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. விமர்சனத்துக்கும் கற்பித்தலுக்கும் சட்டம் இடம் விட்டிருக்கிறது. விற்பனைக்கான நூலின் அட்டை இவை இரண்டிலும் அடங்காது.

"அவளல்லவா பாதுகாத்திருக்க வேண்டும்" என்பது இரண்டாவது. எப்படி? வலது சொடுக்கைத் தடுத்தால் திரையைப் படம் பிடிக்கிறார்கள். படத்தின் குறுக்கே பெயரெழுதினால் ஓவியம் கெடுகிறது. அதையும் அழிக்க மென்பொருள் இருக்கிறது. கோப்பினுள் பெயர் பதித்தாலும், பல சமூக ஊடகங்கள் ஏற்றும்போதே அதை உரித்துவிடுகின்றன. ஏ5 அளவு அட்டையைத் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 1750க்கு 2480 பிக்சல் வேண்டும் என்பதால், சிறிய அளவில் மட்டும் இடுவது ஓரளவு உதவும். அதையும் இப்போது மென்பொருள் பெருப்பித்துக் கொடுக்கிறது. வரைபவர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: சிறிய பிரதியை மட்டும் வெளியிடுங்கள், அடுக்குகள் கலையாத மூலக் கோப்பைத் திகதியுடன் பத்திரப்படுத்துங்கள். பிணக்கு வந்தால் அதுவே சாட்சி. ஆனால் பூட்டு பலமில்லை என்பது, புகுந்தவனுக்கு நியாயமாகிவிடாது.

மூன்றாவது சமாதானம் புதிது: "நாங்கள் யாருடையதையும் எடுக்கவில்லை, செயற்கை நுண்ணறிவு வரைந்தது." அது எதைப் பார்த்து வரையப் பழகியது? 2022இல் வெளியான லையோன்-5பி என்ற தொகுப்பில் சுமார் 585 கோடிப் படங்களின் இணைப்புகள், அவற்றுக்கான குறிப்புகளுடன் இருந்தன. வரைந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அதன் பகுதிகளைக் கொண்டே ஸ்டேபிள் டிஃபியூஷன் பயிற்றப்பட்டது. போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரைத் தட்டச்சு செய்து அவரது பாணியில் படம் கேட்பது அப்போது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. 2023 ஜனவரியில் சாரா அண்டர்சன் உட்பட மூன்று ஓவியர்கள் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிளேஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். இயந்திரம் ஒருவரின் பாணியைப் பழகுவதைக் குழப்பும் நுண்ணிய மாற்றங்களை அது படத்தில் செய்கிறது. படத்தை அப்படியே பதிவிறக்கி அட்டையாக்கும் நம்மவரை அது தடுக்காது. அவரைத் தடுக்க மனச்சாட்சி வேண்டும்.

"நட்டத்தில்தானே புத்தகம் போடுகிறோம்" என்பார்கள். உண்மை. மனைவியின் நகையை அடகு வைத்து நூல் வெளியிட்டவர்களை நான் அறிவேன். ஆனாலும் அச்சகத்துக்குக் காசு போகிறது. மண்டபத்துக்குப் போகிறது. பொன்னாடைக்கும் சிற்றுண்டிக்கும் போகிறது. ஓவியருக்கு வரும்போது மட்டும் கை சுருங்குவது வறுமையால் அல்ல. காசே இல்லாவிட்டால் அனுமதியாவது கேட்கலாம். பெயரைப் போட ஒரு வரி போதும், அதற்குச் செலவில்லை.

வெளியீட்டு விழாக்களில் நூலாய்வு செய்யும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உருவம், உள்ளடக்கம், படிமம் எல்லாம் பேசுங்கள். பேச்சைத் தொடங்குமுன், அட்டையை வரைந்தவர் யார் என்று மேடையில் வைத்தே கேளுங்கள். நூலாசிரியர் பதில் சொல்லட்டும். இந்தச் சஞ்சிகை உட்பட நமது இதழ்களும், ஓவியர் பெயரில்லாத நூல்களுக்கு அறிமுகக் குறிப்பு எழுதுவதில்லை என்று தீர்மானிக்கட்டும். இரண்டு நூல்கள் திருப்பி அனுப்பப்பட்டால், மூன்றாவது நூலில் பெயர் தானாக வரும்.