கியூப் உடைப்பவருக்குச் சம்பளம் தருவது யார்?

பினாங்கின் முத்தியாரா எல்ஆர்டி திட்டத்துக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. சிலிக்கான் தீவிலிருந்து கொம்தார் வரையும், அங்கிருந்து கடல் தாண்டி பினாங்கு சென்ட்ரல் வரையும் ரயில் ஓடப்போகிறது. தடம் எங்கே போகிறது, கட்டணம் எவ்வளவு, மீனவர்கள் கதி என்ன என்றெல்லாம் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் தூணுக்குள் போகும் கான்கிரீட் கலவைக்குக் கையெழுத்திடும் மெட்டீரியல் இன்ஜினியரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அவர் வேலையின் இக்கட்டு இதுதான். நெரிசலில் மாட்டிய ரெடிமிக்ஸ் லாரி தாமதமாக வந்து சேர்கிறது. வெயிலில் கலவை இறுகத் தொடங்கியிருக்கும். பம்பில் ஏறவில்லை என்று யாரோ டிரம்முக்குள் தண்ணீர் விடுகிறார். கலவை வழவழவென இறங்கும், எல்லோருக்கும் வேலை சுலபம். அளவுக்கு மிஞ்சிய அந்தத் தண்ணீர் பிறகு வெளியேறி, கான்கிரீட் முழுக்க நுண்துளைகளை விட்டுச்செல்லும். லாரியைத் திருப்பியனுப்ப வேண்டியவர் மெட்டீரியல் இன்ஜினியர். அனுப்பினால் அன்றைய வார்ப்பு நின்றுவிடும். மாலைக்குள் மேலதிகாரியிடமிருந்து அழைப்பு வரும். பெரும்பாலும் அவருக்குச் சம்பளம் தருவதே குத்தகைக்காரர்தான்.

கடலோரத்தில் இந்தத் தவறுக்கு வட்டி அதிகம். 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர் நீளம். அதில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் கடல்மேல் நிற்கிறது. உப்புக்காற்றின் குளோரைடு நுண்துளை வழியே கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கலவையில் வார்த்த கான்கிரீட் கட்டியை, அதாவது கியூபை, 28-ஆம் நாள் நசுக்கிப் பார்க்கும் சோதனையில் வலிமை தெரியும், இந்த வியாதி தெரியாது. அதிலும் கியூபுக்கு நல்ல லாரியிலிருந்து கலவை எடுத்து, தூணுக்கு மற்றதை ஊற்றினால் அறிக்கையில் எல்லாம் சுத்தமாக இருக்கும். விரிசல் வெளியே வரும் நாளில் கையெழுத்திட்டவர் ஓய்வுபெற்றுப் பேரன் பேத்தியோடு இருப்பார். கண்டுபிடிக்கவே முடியாத திருட்டு என்றால் இதுதான்.

எல்லாக் கட்டுமானச் சாவுக்கும் கலவையைக் காரணம் சொல்ல முடியாது. 2013 ஜூனில் பத்து மாவுங்கில் இரண்டாம் பாலத்தின் ஏற்றச்சாலை கட்டும்போதே சரிந்து ஓர் உயிர் போனது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் மண்சரிவு பதினொரு தொழிலாளர்களை மூடியது. அடுத்த அக்டோபரில் புக்கிட் குக்குஸ் சாலைப்பணியில் ஒன்பது பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தஞ்சோங் பூங்கா சாவுகள் தவிர்த்திருக்கக் கூடியவை என்றே மாநில விசாரணை ஆணையமும் கருதியது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனால் மண்ணானாலும் தாங்குசாரமானாலும் கான்கிரீட்டானாலும், 'இது தாங்காது, நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

நம் தீர்ப்பு இது. பார்க்காத வார்ப்புக்குக் கையெழுத்திட்ட இன்ஜினியர் குற்றவாளி. வீட்டுக்கடன், மேலதிகாரியின் கோபம், 'எல்லோரும் செய்வதுதானே' என்ற சமாதானம் எதுவும் அவரைக் காப்பாற்றக் கூடாது. அவரைவிடப் பெரிய குற்றவாளி, சோதிக்கப்படுபவரின் சம்பளப் பட்டியலிலேயே சோதிப்பவரையும் வைத்திருக்கும் ஒப்பந்தம். அதை எழுதியவர்கள் வெயிலில் நிற்பதில்லை. திறப்பு விழா மேடையில் மட்டும் நிற்கிறார்கள்.

கட்டுமானப் பாதுகாப்புக்கான புதிய விதிமுறைகள் 2025 ஜூனில் அமலுக்கு வந்து, திட்ட உரிமையாளரையும் பொறுப்பாளியாக்கியுள்ளன. நல்ல தொடக்கம், வரவேற்கிறோம். அந்தப் பொறுப்பை முத்தியாரா தடத்திலேயே காட்டட்டும். மெட்டீரியல் இன்ஜினியருக்கும் சோதனைக்கூடத்துக்கும் திட்ட உரிமையாளரே நேரடியாகச் சம்பளம் தரட்டும். வார்ப்பை நிறுத்த அவர் கையெழுத்து ஒன்றே போதும் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். திருப்பியனுப்பிய லாரிகளின் கணக்கையும் சேர்த்து, தூண் வாரியாகச் சோதனை முடிவுகளை மாதந்தோறும் வெளியிடட்டும். பொதுப்பணத்தில் எழும் தூணுக்கு இதில் ரகசியம் ஏதும் இல்லை. மாநிலச் சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதை யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து கேட்கலாம்.