மாசியும் சுஷியும்

தலைநகரத்து உணவகங்களில் இப்பொழுது ஒரு புதுமை நடமாடுகின்றது. யப்பானியரின் சுஷி என்னும் உணவு, நமது நாட்டு நண்டையும் இறாலையும் மாங்காயையும் தழுவிக்கொண்டு புதுக்கோலத்துடன் பந்திக்கு வருகின்றது. அதன் விலையைக் கேட்டுத் திகைப்போரும் உளர், "பச்சை மீனா!" என்று முகஞ் சுளிப்போரும் உளர். இரு சாராருக்கும் இன்று சில சொற் கூற விரும்புகின்றோம்.

சுஷி என்றால் பச்சை மீன் என்பதே பலரது எண்ணம். அஃது உண்மையன்று. காடியும் உப்பும் சிறிது சீனியும் விரவிய சோறே அதன் உயிர். மீன் அதற்குத் துணை. ஆதியில் மீனை உப்பிட்டுச் சோற்றினுள் புதைத்து மாதக்கணக்கிற் புளிக்கவைத்தனர். பின்னர் மீனை உண்டு, சோற்றை எறிந்துவிட்டனர். கொறுக்காய்ப்புளியும் உப்பும் இட்டு நம்மவர் மீனை அடைத்துவைக்கும் ஜாடிக்கு இதனை உறவுமுறை என்னலாம். இன்று தோக்கியோ எனப்படும் ஈடோ நகரத்திலே, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், காடிச் சோற்றைக் கையாற் பிடித்து அதன்மேல் மீன் துண்டத்தை வைத்துக் கொடுக்கும் வழக்கம் பரவிற்று. ஹனயா யோஹெய் என்பாரின் பெயர் இதனோடு சேர்த்துப் பேசப்படுகின்றது. அந்நாளில் அது செல்வர் விருந்தன்று. தெருவோரத்து அவசர உணவு. பின்னர் வட அமெரிக்காவில் நண்டும் வெண்ணெய்ப்பழமும் அதனுட் புகுந்தன. 1980களில் நோர்வே நாட்டார் பெருமுயற்சி செய்து தமது சமன் மீனையும் அதில் ஏற்றினர். ஆகவே, கலப்பு என்பது சுஷிக்கு வந்த குறையன்று. அதன் வரலாறே அதுதான்.

நம் நாட்டில் இத்துறைக்கு வழிகோலியவர் தர்ஷன் முனிதாச. தந்தையார் இலங்கையர், தாயார் யப்பானியர். 1995இல் கொழும்பில் நிஹோன்பாஷி என்னும் யப்பானிய உணவகத்தை அவர் தொடங்கினார். 2011இல், பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்திலே, கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்தனவையும் குமார் சங்கக்காரவையும் பங்காளராகக் கொண்டு மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் என்னும் நண்டு உணவகத்தைத் திறந்தார். இலங்கை நண்டு நெடுங்காலமாகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறி அங்கே புகழ் பெற்றது. நமது பொருளின் அருமையை நம்மூரிலேயே காட்டவேண்டும் என்பது அவர் கொண்ட நோக்கம்.

நிற்க. நாம் வாழும் புத்தளம் மாவட்டக் கரையை எண்ணிப் பாருங்கள். சுஷிக்கு வேண்டுவன சோறு, காடி, உப்பு, கடலுணவு ஆகிய நான்கு. தப்போவைக் குளத்தின் கீழ் நெல் விளைகின்றது. சிலாபத்துத் தென்னந்தோப்புகளின் கள்ளிலிருந்து காடி கிடைக்கின்றது. புத்தளத்து உப்பை அறியாதார் யார்? களப்பிலே நண்டும் இறாலும் உள்ளன. கற்பிட்டியிலும் உடப்பிலும் கடல் மீன் கரையேறுகின்றது.

இவற்றினும் வியப்பானது மாசி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல்லைப் போல் உலர்த்தினால் மாசி. யப்பானியரும் அதே மீனை அவ்வாறே அவித்துப் புகையூட்டி உலர்த்தி, கட்சுவோபுஷி என்று பெயரிட்டனர். மரச்சீவல் போற் சீவி, தம் சாறுகளுக்கெல்லாம் அதனை அடிப்படையாக்கினர். 1908இல் இக்கெடா என்னும் யப்பானிய அறிஞர் கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து, அறுசுவையுள் அடங்காத ஒரு சுவையைக் கண்டு உமாமி என்றார். 1913இல் அவருடைய மாணவர் கொடாமா, கட்சுவோபுஷியிலும் அச்சுவைக்குரிய பொருளொன்று இருத்தலைக் கண்டார். அச்சுவையைத்தான் நம் பாட்டிமார் தேங்காய்ச் சம்பலில் இடித்துச் சேர்த்தனர். அவர்கள் பெயர்தான் எந்நூலிலும் ஏறவில்லை.

எமது வகுப்பிலே கரைவலைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் உளர். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்த நாளில், மணம் பிறரை எட்டாதபடி பொதியை முழுதும் விரிக்காமலே உண்பர். ஒருநாள், நல்ல மீனை எவ்வாறு அறிவது என்று வகுப்பிலே வினவினோம். அவர்களுள் ஒருத்தி எழுந்தாள். "செவுள் சிவந்திருக்க வேணும், சேர். கண் குழிவிழாமல் பளிச்சென்று இருக்க வேணும். விரலால அமத்தினால் பள்ளம் நிக்கக்கூடாது" என்றாள். "யார் சொல்லித் தந்தது?" என்றோம். "அம்மம்மா" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. சுஷி சமைக்கப் பயில்வோர் ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து கற்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று என்று வகுப்பாருக்கு எடுத்துரைத்தோம். குனிந்த தலை மெல்ல நிமிர்ந்தது.

இல்லத்தரசியர்க்கு ஓர் எச்சரிக்கை. புதுமையை விரும்பி வீட்டிலே பச்சை மீனை உண்ண முனையாதீர். மீனிலுள்ள நுண்புழுக்களை ஒழிக்க, சுழியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் குளிரில் 7 நாள் வைத்தல் வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அத்துணைக் குளிரைத் தவறாது தரும் என நம்புதற்கில்லை. வெயிலிற் கிடந்த சூரையில் உண்டாகும் ஹிஸ்டமின் என்னும் பொருளோ சமைத்தாலும் நீங்காது. ஆனால், குழையச் சமைத்த சோற்றில் தென்னங்காடி சிறிது விரவி, உருட்டி, அவித்த நண்டுச் சதையை மேலே வைத்து, மாசித்தூள் தூவிக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் மறுமுறையும் கேட்பர்.

கொடுக்கும்போது அது என்ன மீன், எக்காலத்திற் படுவது, மாசி எவ்வாறு ஆகின்றது என்பவற்றையும் சொல்லிக் கொடுங்கள். இரண்டு நாட்டுச் சமையலை இணைக்க வல்லவர் தம் நாட்டுச் சமையலை நன்கு அறிந்தவரே. அவ்வறிவு இக்கரையிலே இன்னும் அம்மம்மாமாரிடம் உள்ளது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுதல் நலம்.