ஊதுபத்தியோடு நின்றுவிடலாமா? வலுவிழந்த எம் பிள்ளைகளுக்குக் கொழும்பில் ஒரு புதிய தொழில்

வலுவிழந்த ஒருவருக்கு வாழ்வாதார உதவி என்றால் எமது திட்டங்கள் நெடுங்காலமாக நான்கைந்து பொருட்களையே அறிந்துள்ளன: தையல் இயந்திரம், கோழிக்குஞ்சு, ஊதுபத்தி, இரண்டு ஆடு, ஒரு பெட்டிக்கடை. திருச்சபையின் சமூகப்பணி நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. இவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உயர்தரம் வரை படித்த பார்வையற்ற பிள்ளைக்கும், எழுதப்படிக்கத் தெரியாத முதியவருக்கும் ஒரே ஊதுபத்திப் பயிற்சியைக் கொடுத்துவிட்டு, 'பயனாளிகள் இருவர்' என்று அறிக்கை எழுதும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

2009 இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களிடையே கண்ணை இழந்த, கையை இழந்த சிறுவர்கள் இருந்தார்கள். அன்று எட்டு வயதாக இருந்த பிள்ளை இன்று இருபதுகளின் நடுவில் நிற்கும் இளைஞன். கைதடி நபீல்ட் பாடசாலையிலோ, 1912 இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையிலோ, ஊர்ப் பாடசாலையிலோ இப்படிப்பட்டவர்கள் படித்திருக்கிறார்கள். படித்த பின் என்ன என்பதுதான் கேள்வி. அப்பாவின் வயலில் இறங்க இயலாது. சில குடும்பங்களுக்கு இறங்குவதற்கு வயலே கையில் இல்லை.

இவர்களுக்குப் பொருத்தமான ஒரு தொழில் கொழும்பில் இருக்கிறது. அதன் பெயர் டிஜிட்டல் அணுகுவசதி. பெயர் புதிதாக இருந்தாலும் விடயம் எளியது. ஒரு கட்டடத்துக்குப் படி மட்டும் இருந்து சாய்தளம் இல்லாவிட்டால் சக்கர நாற்காலியில் வருபவர் வாசலோடு நின்றுவிடுவார். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரைத் தொழிலிலும் பொது இடங்களிலும் பாகுபடுத்துவதைத் தடுத்தது. பொதுக் கட்டடங்களின் சாய்தளம், கதவு, கழிவறை பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011 இல் உயர் நீதிமன்றம் அவ்விதிகளை நடைமுறைப்படுத்துமாறு கட்டளையிட்டது. இன்றோ வங்கி, தபால் கந்தோர், பிரதேச செயலகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இணையத்தளத்துக்குள் குடியேறிக்கொண்டிருக்கின்றன. அந்த வாசலுக்கும் சாய்தளம் வேண்டும். அதை அமைப்பதும், சரியாக அமைந்திருக்கிறதா என்று பரிசோதிப்பதும்தான் இந்தத் தொழில்.

பார்வையற்றவர் கணனியை எப்படிப் பாவிக்கிறார் என்று பலர் வியக்கிறார்கள். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. என்.வி.டி.ஏ. என்பது அவற்றுள் ஒன்று. பார்வையற்ற அவுஸ்திரேலிய இளைஞரான மைக்கல் கரன் 2006 இல் இதை உருவாக்கத் தொடங்கினார். எவரும் இலவசமாகப் பெறலாம், தமிழையும் வாசிக்கும். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் பெரும்பாலானவற்றில் டோக்பெக் என்ற பெயரில் இதே வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இணையத்தளம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால்தான் இவற்றால் வாசிக்க முடியும். படத்துக்கு விளக்கம் எழுதப்படாவிட்டால் அவ்விடத்தில் மௌனம். அல்லது கோப்பின் பெயரை உளறும். படிவத்தில் எந்தக் கட்டம் எதற்கு என்று குறிக்கப்படாவிட்டால், 'எழுதுக, எழுதுக, எழுதுக' என்று மட்டும் சொல்லும். பெயரை எங்கே எழுதுவது, அடையாள அட்டை இலக்கத்தை எங்கே எழுதுவது?

எமது மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எம்மிடையே பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதுகிறார்கள். கண்ணுக்கு அது நல்ல தமிழ். ஆனால் 'அம்மா' என்று தட்டினால் கணனியின் வயிற்றுக்குள் கிடப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில அடையாளங்களே. வாசிப்பு மென்பொருள் அதைத்தான் வாசிக்கும். ஒருங்குறியில் தட்டியிருந்தால் 'அம்மா' என்று வாசிக்கும். (இந்தச் சஞ்சிகை எந்த எழுத்துருவில் அச்சுக்குப் போகிறது என்று ஆசிரியரிடம் கேட்க இருக்கிறேன்.) இதைவிட மோசமானது, தாளில் அச்சிட்ட அறிவித்தலைப் படம் பிடித்து அப்படியே இணையத்தில் ஏற்றுவது. வாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படம், எழுத்தே இல்லை.

இதனால் யாருக்கு என்ன நட்டம்? இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். காணி விடுவிப்புப் பற்றிய அறிவித்தல் வருகிறது. நட்டஈட்டுப் படிவம் வருகிறது. முறைப்பாடு செய்யக் கடைசித் திகதி இருக்கிறது. குடும்பத் தலைவர் ஷெல் வீச்சில் பார்வை இழந்தவர். 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆனாலும் தமிழில் வந்த அந்தத் தாள் அவருக்குத் தமிழில் வந்ததாகாது. தன் சொந்தக் காணியைப் பற்றி அறிய அவர் இன்னொருவரின் கண்ணையும், சில வேளை இன்னொருவரின் நேர்மையையும் நம்பியிருக்க வேண்டும். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது சுமார் 16 இலட்சம் பேர், ஏதோ ஒரு வகையில் வலுவிழந்தவர்கள். இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, கட்டடம், போக்குவரத்து ஆகியவற்றோடு தகவலையும் இணையத்தையும் சேர்த்தே பேசுகிறது.

சரி, பயிலுநராகப் போகும் பிள்ளை என்ன செய்யும்? மழை விட்ட மறுநாள் கமக்காரர் மண்வெட்டியோடு வரம்பைச் சுற்றி நடப்பாரல்லவா? எங்கே நண்டு வளை போட்டிருக்கிறது, எங்கே நீர் கசிகிறது என்று பார்த்துப் பார்த்து அடைப்பார். அதே வேலைதான். ஓர் இணையத்தளத்தை எடுத்து, மவுஸைத் தொடாமல், விசைப்பலகையால் மட்டும் அதில் பயணம் செய்து பார்ப்பது. ஒரு கை இல்லாதவரும் கை நடுங்குபவரும் அப்படித்தான் பாவிக்கிறார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பு மென்பொருளோடு பார்ப்பது. பார்வையற்ற பயிலுநருக்கு இது அன்றாடப் பழக்கம். காணொளிக்கு எழுத்துவடிவ வசனம் உண்டா என்று செவிப்புலனற்றவருக்காகப் பார்ப்பது. வெள்ளைப் பின்னணியில் மங்கிய சாம்பல் எழுத்து இருந்தால் நிற வேறுபாட்டை அளப்பது. சாதாரண அளவு எழுத்துக்கு அது 4.5 க்கு 1 ஆவது இருக்க வேண்டும் என்பது உலகளாவிய வழிகாட்டியின் விதி. டபிள்யூ.சி.ஏ.ஜி. எனப்படும் அவ்வழிகாட்டியின் முதல் பதிப்பு 1999 இல் வந்தது, 2.2 பதிப்பு 2023 இல் வந்தது. கண்ட பிழை ஒவ்வொன்றையும் எந்த இடத்தில், என்ன தவறு, யாருக்குத் தடை, எந்த விதியை மீறுகிறது, எப்படித் திருத்தலாம் என்று எழுதிக் கொடுப்பதே வேலையின் பெரும்பகுதி. ஆகவே தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கே இதில் முன்னேற்றம். கணிதப் புலி வேண்டியதில்லை.

கொழும்பில் இதற்குத் தேவை வருவதற்கு ஒரு காரணம் ஐரோப்பாவில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகுவசதிச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இணைய வணிகம், வங்கிச் சேவை, மின்னூல், பயணச்சீட்டு விற்பனை முதலியன அங்கே அணுகுவசதியோடு இருந்தாக வேண்டும். தெமட்டகொடையிலும் மருதானையிலும் கோட்டையிலும் இருந்துகொண்டு ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதும் எமது நிறுவனங்கள் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரல் 30 இல் ஒரு முக்கிய தீர்ப்பைச் சொன்னது. வங்கிக் கணக்குத் திறக்கக் கமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும் என்ற நிபந்தனையால், அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள் தடைப்பட்டார்கள். அவர்களது வழக்கில், இணையச் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறியது. மும்பையில் ஷில்பி கபூர் தொடங்கிய பேரியர்பிரேக் நிறுவனம் வலுவிழந்தோரையே பரிசோதகர்களாக வேலைக்கு அமர்த்தி இத்தொழிலை நடத்துகிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

ஆயினும் இரண்டு விடயங்களை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பார்வையற்றவராக இருப்பது மட்டுமே இத்தொழிலுக்குத் தகுதியாகாது. வாசிப்பு மென்பொருளின் விசைகளைச் சரளமாகக் கையாளத் தெரியாத பிள்ளையை, பரிதாபத்தின் பேரில் உள்ளே தள்ளிவிடுவது அப்பிள்ளைக்கே தீங்கு. அடுத்தது ஆங்கிலம். விதிகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். எனவே கணனி வகுப்புக்கு முன்னரே ஆங்கில வகுப்புக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று எமது திட்ட அலுவலர்களுக்குச் சொல்கிறேன். தமிழ்ப் பக்கங்களைப் பரிசோதிக்கும் வேலையில் மட்டும் எம் பிள்ளைக்கு முற்றான மேலாண்மை உண்டு. பாமினிக்கும் ஒருங்குறிக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் கேட்டே பிடிக்கக்கூடியவர் அவர்.

ஆரம்பம் வீட்டிலேயே இருக்கட்டும். முதலில் கைத்தொலைபேசியில் டோக்பெக். பிறகு, ஏதாவதொரு கணனியில் என்.வி.டி.ஏ. டபிள்யூ.3.சி. அமைப்பு வழங்கும் அறிமுகப் பாடநெறியை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ் தாள் வேண்டுமானால்தான் பணம். அதன் பின் ஒரு வங்கி, ஒரு பத்திரிகை, ஓர் அரச திணைக்களம் என மூன்று இணையத்தளங்களைத் தானே பரிசோதித்து மூன்று அறிக்கை எழுதட்டும். பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது பத்துச் சான்றிதழை விட அந்த மூன்று அறிக்கைகளே அதிகம் பேசும். நேர்முகத்துக்குப் போகுமுன் பரீட்சை எப்படி நடக்கும் என்று கேட்டு எழுதுங்கள். அணுகுவசதி வேலைக்கான பரீட்சையே வாசிப்பு மென்பொருளில் திறக்காத வேடிக்கையும் நடப்பதுண்டு.

இனிச் சம்பளம். உள்ளகப் பயிற்சி என்ற பெயரில் ஆறு மாதம் இலவச உழைப்பைப் பெறும் பழக்கம் கொழும்பில் இருக்கிறது. 'அனுபவம் கிடைக்கிறதே' என்பார்கள். பெற்றோர் வெள்ளவத்தையில் வீடு வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்த அனுபவம் கட்டுப்படியாகலாம். விசுவமடுவிலிருந்து வருபவருக்குக் கட்டாது. அறுவடை செய்த கூலியாளின் கூலியைப் பிடித்து வைப்பது பற்றி யாக்கோபின் திருமுகம் என்ன சொல்கிறது என்பதைக் கமக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உணவு, அறை வாடகை, பஸ் கட்டணம் ஆகியவற்றையாவது தராத இடத்துக்குத் திருச்சபை நிறுவனம் எதுவும் பரிந்துரைக் கடிதம் கொடுக்கக் கூடாது. அதேபோல், பயிற்சி இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கும் தரகர்களிடம் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். தோடு அடகு வைத்துப் பணம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய தாயொருவரை நான் அறிவேன்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. பயிற்சி முடிந்தும் வலுவிழந்த பிள்ளையைப் பரிசோதகராகவே வைத்திருப்பார்கள்; அவர் கண்டுபிடித்த பிழைகளைத் திருத்தும் மற்றவர்கள் பதவி உயர்வார்கள். ஆண்டறிக்கையில் அவரது படம் மட்டும் அழகாக வரும். ஆகவே பயிற்சிக் காலத்திலேயே நிரல் எழுதவும், வடிவமைப்புக் கூட்டங்களில் உட்காரவும் இடம் கேட்க வேண்டும். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 இல் வெளியிட்ட உழைப்புப் பற்றிய சுற்றுமடலில், முழு உடல் வலு உள்ளவர்களுக்கு மட்டும் வேலை என்பது மனித மாண்புக்கே இழுக்கு என்ற கருத்தை வலியுறுத்தினார். வேலை கொடுத்தாயிற்று என்பதோடு அந்தப் போதனை நிறைவேறிவிடவில்லை.

பெற்றோரின் பயம் எனக்குத் தெரிகிறது, குறிப்பாகப் பெண்பிள்ளை விடயத்தில். கொழும்பு என்றால் லொட்ஜ் அறையும் பொலிஸ் பதிவும் நினைவுக்கு வரும் தலைமுறை நாம். காலி வீதியைக் கடப்பது கண் உள்ளவருக்கே சோதனை. ஆனால் இத்தொழிலின் ஒரு வசதி, முதல் சில மாதங்களின் பின் வீட்டிலிருந்தும் செய்யக்கூடியது என்பது. 2020 இன் முடக்கத்துக்குப் பிறகு கணனி நிறுவனங்கள் அதற்குப் பழகிவிட்டன. மின்சாரமும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால் மாங்குளத்திலிருந்தும் வேலை செய்யலாம். ஆயினும் அந்த முதல் ஆறு மாதம் அலுவலகத்தில் இருந்தே கற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மற்றவரோடு தர்க்கிக்கவும், தெரியாததைக் கேட்கவும் திரைக்கு அப்பால் இருந்து பழகுவது கடினம்.

அந்த ஆறு மாதத்துக்கு எங்கே தங்குவது? வெள்ளவத்தையில் அறை வாடகை சாதாரண குடும்பத்துக்கு எட்டாது. கொட்டாஞ்சேனையில் சற்றுக் குறைவு. தெமட்டகொடை, மருதானை அலுவலகங்களுக்கும் அது கிட்ட. இரு இடங்களிலும் பங்குகளும் துறவற இல்லங்களும் இருக்கின்றன. ஓர் இல்லத்தில் இரண்டு அறை, படியில்லாத ஒரு கழிவறை, காலையில் பஸ் தரிப்பிடம் வரை கூட வர ஓர் இளைஞர் குழு, இவ்வளவும் போதும். புதிய கட்டடம் வேண்டாம், வெளிநாட்டு நிதியும் வேண்டாம். எமது சமூகப்பணி நிலையங்கள் அடுத்த ஆண்டுக்கான திட்டங்களை எழுத உட்காரும்போது ஊதுபத்திப் பயிற்சிக்கு எதிரே உள்ள தொகையில் ஒரு பகுதியை ஆங்கில வகுப்புக்கும் இந்த அறைகளுக்கும் மாற்றி எழுதட்டும். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் விபரத்தைப் பெற்றோர் இப்போதே பங்குத்தந்தையிடமோ கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ கொடுத்து வையுங்கள்.