குவார்ட்டருக்குள் ஆறு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த வாரம் வங்கியில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் சொன்னார்: “குடிச்சுட்டுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா? அளவாக் குடிக்கத் தெரியாத ஜனங்க சார்.” ‘ஜனங்க’ என்று யாரைச் சொன்னார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். மெத்தனாலுக்கு அளவே கிடையாது, கொஞ்சம் உள்ளே போனாலே கண் போகும், உயிர் போகும் என்றுகூட நான் சொல்லவில்லை. ஆனால் ‘அளவு’ என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. காரணம், நானும் குடிக்கிறவன்.

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஆகவே கணக்கே போட்டுப் பார்த்தேன். நம்ம டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றிருக்கும். அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் குடியைக் கணக்கிடும்போது 10 கிராமை ஓர் அளவாக வைக்கிறது. அப்படியென்றால் ஒரு குவார்ட்டருக்குள் ஆறு அளவு. நாம் ‘ஸ்மால்’ என்கிற 30 மில்லிதான் ஓர் அளவு. இரண்டு பேர் பங்கு போடுகிற ‘கட்டிங்’ ஆளுக்கு மூன்று. “பீர்தானே தோழர்” என்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் நான்கு அளவு இருக்கிறது.

இனி ஆபத்து குறைந்த எல்லை என்று பிற நாடுகள் சொல்வதைப் பாருங்கள். பிரிட்டன் 2016இல் சொன்னது வாரத்துக்கு 14 யூனிட். அவர்கள் யூனிட் 8 கிராம். நம் கணக்கில் பதினோரு ஸ்மால், ஒரு வாரம் முழுக்க இரண்டு குவார்ட்டர்கூட இல்லை. ஆஸ்திரேலியா 2020இல் சொன்னது வாரத்துக்குப் பத்து, எந்த நாளிலும் நான்குக்கு மேல் கூடாது. ஒரே குவார்ட்டரில் அது உடைந்துபோகிறது. கனடாவின் 2023 வழிகாட்டலில் வாரத்துக்கு இரண்டு. அது ஒரு கட்டிங்குக்கும் குறைவு. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்றது. மதுவால் புற்றுநோய் வரும் என்பது 1988லேயே உறுதியான விஷயம். ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடும்போது வாங்கிக் குடித்த குவார்ட்டர் விடியற்காலை ஆறு மணிக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். அதோடுதான் பைக்கை எடுக்கிறோம்.

‘அளவாகக் குடி’ என்று உபதேசிக்கிற சமூகம் அளவை நமக்குச் சொல்லவே இல்லை. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்தி, 2023-24இல் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்த்த அரசும் சொல்லவில்லை. பாரில் ஸ்மால் அளந்து ஊற்றுகிறவன் யார்? பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர், சுண்டல், மூன்று மடக்கில் காலி.

நம் பக்கத்திலும் கோளாறு உண்டு. தொண்ணூறுகளின் பழைய இதழ்களைப் புரட்டினால் குடியும் மாட்டுக்கறியும் ஒரே மூச்சில் கலகமாகப் பேசப்பட்டிருக்கும். பார்ப்பனிய ஒழுக்கத்துக்கு எதிரான அந்தக் கோபம் நியாயமானது. மாட்டுக்கறி நம் உணவு, அதில் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சாராயம் நம் மீது திணிக்கப்பட்ட கூலி. சாவுக்குப் பறையடிக்கப் போனவனுக்குக் காசோடு சாராயத்தையும் கொடுத்து வைத்தார்கள். இந்த ஊரில் பௌர்ணமி முடிந்த விடியலில், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பக்தர்கள் விட்டுப்போன கழிவை அள்ளுகிற அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னார்: “போடாம இதுல கை வைக்க முடியாது தம்பி.” இதில் என்ன கலகம் இருக்கிறது? 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அதை மேடையில் சொல்லுகிற யோக்கியதை இன்னும் எனக்கு வரவில்லை. கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்து விடியவிடியக் கவிதை பேசிய நண்பன் ஒருவன் நாற்பதைத் தொடாமல் ஈரல் கெட்டுச் செத்தான். அவன் டம்ளரில் ஊற்றிய கைகளில் என் கையும் உண்டு.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். காலையில் கை நடுங்கினால்தான் குடிக்கிறேன் என்கிறவருக்கு இந்த எல்லைக் கணக்கு உதவாது. அவர் வீராப்பாக ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடப் போய் உட்காருங்கள். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், மஞ்சள் காமாலை வந்தவருக்கும், வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண்ணுக்கும் அளவு பூஜ்யம்தான்.

பாட்டிலில் எத்தனை அளவு என்று தமிழில், பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லிக் கேட்போம். கூட்டம் முடிந்து குடிப்பதை நம் வாசகர் வட்டம் நிறுத்த வேண்டும் என்று நான் முன்மொழிகிறேன். சில தோழர்களுக்குக் கோபம் வரும். எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.