ஒரே பேர், ரெண்டு ஆள்!

தமிழனுக்கு வாய்த்த சௌகரியங்களில் ஒன்று, நம் எழுத்தில் கேபிடல், ஸ்மால் என்ற தொல்லை கிடையாது. மந்திரி பெயரானாலும் முனுசாமி பெயரானாலும் ஒரே சைஸ்தான். இங்கிலீஷில் இரண்டு சைஸ். அதனால் கம்ப்யூட்டர்களுக்குள் பெரிய கட்சித் தகராறே நடக்கிறது.

1969-ல் பிறந்த யூனிக்ஸ் ரொம்பக் கறார். ஃபைல் பெயரில் பெரிய 'ஏ' வேறு, சின்ன 'ஏ' வேறு. 1991-ல் வந்த லினக்ஸும் அதே கட்சி. 1981-ல் வந்த டாஸோ, எதை அடித்தாலும் பெரிய எழுத்தாக்கி வைத்துக்கொண்டது. விண்டோஸ் 95 வந்தபின் அடித்தது அடித்தபடி தெரிந்தது. ஆனால் தேடும்போது இரண்டும் ஒன்றுதான். ஆப்பிள் மேக்கும் வழக்கமாக இந்தப் பக்கம்தான்.

'இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்கிறீர்களா? படப்பையில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரரைக் கேளுங்கள். கட்டில், பீரோவையெல்லாம் படம் எடுத்தார். அவர் காமிரா ஃபைல் பெயரின் வாலில் 'ஜே.பி.ஜி.' என்று பெரிய எழுத்தில் போட்டது. வெப்சைட் செய்த பையன் சின்ன எழுத்தில் அடித்தான். கடையிலிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் எல்லாம் ஜோராகத் தெரிந்தது. இன்டர்நெட்டில் ஏற்றினால், அங்கே இருந்தது லினக்ஸ் சர்வர். கட்டிலைக் காணோம், பீரோவைக் காணோம். கடைசியில் பையனுக்குப் பேசின கூலியில் பாதியையும் காணோம்!

2011-லிருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, 'பாஸ்' என்ற நம்ம ஊர் லினக்ஸும் இருந்தது. ஒரே பையில் இரண்டு கட்சி! லினக்ஸ் பக்கம் 'பிராஜெக்ட்' என்று இங்கிலீஷில் பெரிய 'பி' போட்டு ஒன்று, சின்ன 'பி' போட்டு ஒன்று வைத்தால் இரண்டும் சமர்த்தாக இருக்கும். பென்டிரைவில் காப்பி செய்யும்போதுதான் வம்பு. பென்டிரைவ் பெரும்பாலும் விண்டோஸ் கட்சி. 'ஏற்கெனவே இருக்கிறதே, அதன் மேலேயே எழுதிவிடட்டுமா?' என்று கேட்கும். அவசரத்தில் 'சரி' என்றால், பென்டிரைவில் ஒன்றுதான் மிஞ்சும். அதை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினால், பிரின்ட்டாவது பழைய பிராஜெக்ட்டாக இருக்கலாம்.

'நான் தமிழிலேயே பேர் வைக்கிறேன்' என்று தப்பித்துவிட முடியாது சார். 'கொள்முதல்' என்று எழுதுங்கள். யூனிகோடில் அந்த 'கொ'வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், தனித்தனி இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அவை வேறு வேறு பெயர். ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கொள்முதல்' உட்கார்ந்திருக்கும். எதில் போன மாதக் கணக்கு, எதில் இந்த மாதக் கணக்கு? பி.காம். படித்தவனுக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம் இது. இதில் மட்டும் மேக் சமர்த்து. இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்ளும்.

பரிகாரம் சுலபம். இங்கிலீஷ் பெயர் என்றால் முழுக்கச் சின்ன எழுத்தே போடுங்கள். எந்த மொழியானாலும் மாதம், வருஷத்தைக் கூடச் சேர்த்துவிடுங்கள். தெருவில் இரண்டு முருகன் இருந்தால் நாம் என்ன எழுத்தையா பெரிசாக்குகிறோம்? 'ரேஷன் கடை முருகன்', 'டிரைவர் முருகன்' என்கிறோம். தபால்காரர் இதுவரை குழம்பியதில்லை.