நம் வாசலோடு முடிவதா தூய்மை?

தெருவுக்கொரு குடியிருப்போர் நலச் சங்கம் தோன்றிவரும் காலம் இது. விளக்கு எரியாவிட்டாலும், சாக்கடை அடைத்துக்கொண்டாலும், குடிநீர் வராவிட்டாலும் பத்துப் பேர் கையொப்பமிட்டு நகராட்சிக்கு மனுக் கொடுக்கிறார்கள். மரக்கன்று நடுகிறார்கள், பொங்கலுக்குக் கோலப்போட்டி வைக்கிறார்கள். அடுத்த வீட்டாரின் பெயரும் அறியாமல் வாழும் நாளில் இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் ஒன்றை நாம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தன் தெருக் குப்பையை வேறொருவர் வாசலுக்கு அனுப்பிவிட்டு நிம்மதி கொள்ளும் சங்கம் நலச் சங்கம் அன்று. அது சுயநலச் சங்கம்.

வாலாஜாபேட்டை பொதுவாழ்வுக்குப் புதிய ஊரன்று. 1866இலேயே நகராட்சி கண்ட பெருமை அதற்குண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊராட்சி நடத்திய அனுபவமுள்ள ஊரில், "வரி கட்டிவிட்டோம், குப்பையை நகராட்சி பார்த்துக்கொள்ளட்டும்" என்ற குரலே இன்றும் ஓங்கி ஒலிக்கிறது. வண்டி வந்து அள்ளிச் சென்றபின் அந்தக் குப்பை எங்கே போகிறது? யார் கைகளால் பிரிக்கப்படுகிறது? யார் குடியிருப்பின் அருகே எரிகிறது? எந்த ஓடை வழியே பாலாற்றில் சேர்கிறது? இந்தக் கேள்விகளை எத்தனை சங்கங்கள் கேட்கின்றன?

கண்ணுக்கு மறைந்தால் கழிவு ஒழிந்தது என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதைத் தோல் பதனிடும் நம் வட்டாரத்தைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை, இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட நச்சுக் கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போயிற்று. 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் தோல் கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள். பெரிய ஆலை பெரிய அளவில் செய்ததையே, இரவில் பாலித்தீன் பையை ஓடையில் எறியும் குடும்பம் சிறிய அளவில் செய்கிறது. அளவு வேறு; மனப்போக்கு ஒன்றே.

இதே மண்ணில்தான் மாற்று வழியும் பிறந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. தங்கள் தெருவுக்காக மட்டும் அது வழக்காடவில்லை. பாலாற்றுக்காகவும், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் கெட்டுப்போன உழவர்களுக்காகவும் வழக்காடியது. 1996 ஆகஸ்டு 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. "தோல் தொழிலைக் குறை சொன்னால் ஏழைகளின் அடுப்பு அணைந்துவிடும்" என்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தீர்ப்பு தொழிலை ஒழிக்கச் சொல்லவில்லை. சுத்திகரிப்புக்கு வழி செய்யாத ஆலைகளையே மூடச் சொன்னது. தொழிலாளியின் சோற்றையும் உழவனின் கிணற்றையும் மோதவிடுவது நீதியாகாது. ஆனால் தீர்ப்பு வந்ததும் ஊர் உறங்கிவிட்டால் தாளில் உள்ள நீதி தாளிலேயே தங்கிவிடும். 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட நேர்ந்ததே அதற்குச் சான்று.

"கோயிலுக்கும் குப்பைக்கும் என்ன தொடர்பு?" என்று நம்மவருள் சிலர் கேட்பதுண்டு. ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின், எதுவும் வீணாகாதவாறு எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி ஆண்டவர் சீடர்களுக்குக் கட்டளையிட்டதை யோவான் நற்செய்தி சொல்கிறது. அப்பத்தைப் பலுகச் செய்ய வல்லவரே துணுக்குகளையும் மதித்தார். அதைச் சேர்க்கும் வேலையை ஏவலாள்களிடம் விடாமல் திருத்தூதர்களிடமே ஒப்படைத்தார். நம் நாட்டிலோ கழிவை அள்ளும் கை இன்ன சாதியின் கை என்று பிறப்பிலேயே எழுதிவைத்திருக்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடல், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் சேர்த்துக் கேட்கச் சொன்னது. நம் தெருவில் அந்த இரு குரலும் துப்புரவுப் பணியாளரின் தள்ளுவண்டியோடு நாள்தோறும் வருகின்றன.

ஆகவே நாம் கேட்பது புதிய விழாவோ புதிய பதாகையோ அன்று. மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஊசியும் மருந்தும் போன்ற தீங்கான கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016இன் விதிகளே கூறின. அதை நம் வீட்டிலேயே செய்தால் இன்னொரு மனிதர் நம் எச்சிலைக் கிளற வேண்டியதில்லை. அந்தப் பணியாளருக்குக் கையுறையும் உரிய ஊதியமும் கிடைக்கின்றனவா என்று கேட்பதும் சங்கத்தின் கடமை. 2022இல் தமிழக அரசு நகர்ப்புறங்களில் பகுதி சபைகளுக்கு விதி வகுத்தது. அன்பியக் கூட்டத்தில் ஒன்றாகச் செபிக்கும் நாம், பகுதி சபையிலும் இந்து, இசுலாமியச் சகோதரரோடு ஒன்றாக அமர்ந்து பேசக் கூடாதா? அங்கே வாடகைக்கு இருப்போருக்கும் காலனி மக்களுக்கும் இடமில்லை என்றால் முதலில் அதைத்தான் தட்டிக்கேட்க வேண்டும்.

யார் என் அயலான் என்று கேட்ட சட்ட அறிஞருக்கு ஆண்டவர் ஒரே தெருவில் குடியிருப்பவனைக் காட்டவில்லை. வேற்று நாட்டுச் சமாரியனைக் காட்டினார். நம் கழிவு எவர் வாசலில் போய் விழுகிறதோ அவரே இன்று நம் அயலார். அவரை உறுப்பினராகச் சேர்க்காத எந்தச் சங்கத்துக்கும் நலச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொள்ள உரிமையில்லை.